இயந்திரத்தின் முறைப்பாடு

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி நோக்கி வடக்கே செல்லும் வீதியில், உப்புவெளியைக் கடந்து சாம்பல்தீவை அணுகினால், கடலோரத்தே சல்லி என்னும் ஊர் உளது. முத்துமாரியம்மன் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூர், மீன்பிடித் தொழிலை உயிராகக் கொண்டது. இங்கு இருவகை இயந்திரங்களைக் காணலாம். ஒன்று, கண்ணாடி இழைப் படகின் பின்புறத்தே தொங்கும் வெளியிணைப்பு இயந்திரம். மற்றொன்று, வீதியிலே செல்லும் காரிலும் வானிலும் மூடிக்குள்ளே மறைந்திருக்கும் இயந்திரம். படகு இயந்திரம் நோயுற்றால், அதனை அறிவதற்கு மீனவரின் காதும் கண்ணும் கையுமே கருவிகள். புதிய கார் நோயுற்றாலோ, சாரதியின் முன்னே ஒரு மஞ்சள் விளக்கு எரிகின்றது. சிறு கருவி ஒன்றைச் செருகியதும், ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட குறியீடு திரையிலே தோன்றுகின்றது. கடற்கரை மணலுக்கும் வீதிக்கும் இடையிலுள்ள தூரம் சில நிமிட நடையே. ஆயினும், இயந்திரத்தின் நோயை மனிதன் அறிய முயன்ற நூறாண்டு வரலாறு முழுவதும் அந்த இடைவெளியில் அடங்கியுள்ளது எனலாம்.

இயந்திரங்களின் ஒலி திருகோணமலைக்குப் புதியதன்று. உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய இதனைப் பிரித்தானியர் தம் கடற்படைத் தளமாக வைத்திருந்தனர். கப்பல்களுக்கு வேண்டிய எண்ணெயைச் சேமித்து வைப்பதற்காகச் சீனக்குடாவை அடுத்த காட்டினுள்ளே பெரிய எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கியதை வரலாறு குறித்து வைத்துள்ளது. 1957 ஆம் ஆண்டு கடற்படைத் தளமும் விமானத்தளமும் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. அதுகாறும் கப்பற்றளத்துத் தொழிற்கூடங்களில் உள்ளூர்த் தொழிலாளர் பலர் பணியாற்றினர். இரும்பை அறிந்தோரும் எண்ணெயின் மணத்தை அறிந்தோரும் துறைமுகப் பட்டினங்களில் பெருகுவது இயல்பே. பொறித் தொழில் அக்காலத்தில் பெரும்பாலும் ஏட்டிலே கற்ற கல்வி அன்று. மூத்த தொழிலாளியின் பக்கத்தே நின்று, சாவியை எடுத்துக் கொடுத்து, அவர் எதைத் தொடுகிறார், எதைத் தொடாமல் விடுகிறார் என்று பார்த்துப் பார்த்துக் கற்ற கல்வி அது.

கடலோர ஊர்களுக்கு இயந்திரம் சற்றுப் பிந்தியே வந்தது. நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர், படகின் பின்புறத்தே மாட்டத்தக்க இயந்திரத்தை 1909 ஆம் ஆண்டிலே விற்பனைக்குக் கொண்டுவந்தார். இலங்கையிலோ, பாயும் துடுப்பும் கரைவலையும் கொண்டு நடந்த மீன்பிடித் தொழிலை இயந்திரமயமாக்கும் முயற்சி 1950 களில் தொடங்கிற்று. அவ்வாண்டுகளின் இறுதியில் மூன்றரைத் தொன் படகுகள் உள்ளிணைப்பு இயந்திரங்களோடு மீனவர்க்கு வழங்கப்படலாயின. பின்னர் வெளியிணைப்பு இயந்திரமும், அதனைத் தாங்கக் கண்ணாடி இழைப் படகும் பரவின. காற்றின் திசை பார்த்துக் கடலுக்குச் சென்ற மனிதன், காற்று இல்லாதபோதும் செல்லக்கூடியவனானான். ஆனால் அதனோடு ஒரு புதிய அச்சமும் அவனுடன் படகில் ஏறிக்கொண்டது. பாய் கிழிந்தால் தைக்கலாம். துடுப்பு உடைந்தால் மாற்றுத் துடுப்பு உண்டு. கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இயந்திரம் நின்றுவிட்டால், அது ஏன் நின்றது என்று அறிந்தவனே வீடு திரும்புவான். எனவே, இயந்திரத்தின் நோயறிதல் கடலோடிக்குத் தொழில் மட்டும் அன்று, உயிர்ப் பாதுகாப்புமாயிற்று.

அந்த நோயறிதல் எவ்வாறு நடைபெற்றது? பெற்றோல் இயந்திரம் எத்துணைச் சிக்கலாகத் தோன்றினும், அது கேட்பன நான்கே. அளவான காற்றுடன் கலந்த எரிபொருள் வேண்டும். அக்கலவையைச் சிலிண்டரினுள் இறுக்கி அமுக்கும் அமுக்கம் வேண்டும். கலவையைக் கொளுத்தத் தீப்பொறி வேண்டும். அந்தத் தீப்பொறி உரிய கணத்திலே பாயவேண்டும். இந்நான்கில் எது குறைந்தது என்று கண்டறிவதே பழைய மெக்கானிக்கின் கலை. பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்ப்பார். முனை காப்பி நிறமாக இருந்தால் எரிதல் நன்று. கரி படிந்து கறுத்திருந்தால் எரிபொருள் மிகுதி. வெளுத்திருந்தால் எரிபொருள் குறைவு அல்லது வெப்பம் மிகுதி. எண்ணெய்ப் பசை இருந்தால் பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்தனவோ என்ற ஐயம். புகைபோக்கியினின்று கரும்புகை வந்தால் ஒரு பொருள், நீலப்புகை வந்தால் மற்றொரு பொருள். உள்ளே தட்டும் ஓசையின் இடத்தை அறிய, நீண்ட திருப்புளியின் முனையை இயந்திரத்தின் மேல் வைத்து அதன் பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார். மருத்துவர் நெஞ்சிலே குழல் வைத்துக் கேட்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

நான்கு சிலிண்டர்களுள் எது வேலை செய்யவில்லை என்று அறிய இன்னொரு முறையும் இருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிளக்குகளுக்குச் செல்லும் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். கம்பியைக் கழற்றியதும் ஓட்டம் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கின்றது. கழற்றியும் ஓட்டத்தில் மாற்றம் இல்லையேல் குற்றவாளி அதுவே. பின்னர் அதன் பிளக்கை எடுத்து அடுத்த சிலிண்டரில் மாட்டிப் பார்ப்பார். குறை பிளக்கோடு சேர்ந்து இடம் மாறினால் பிளக் பழுது. மாறாமல் அங்கேயே நின்றால் பழுது வேறிடத்தில். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவை நோக்கி, அதன்பின் அடுத்ததை மாற்றும் இம்முறை, ஆய்வுகூடத்து விஞ்ஞானியின் முறையே ஆகும். எண்ணெய் படிந்த கராச்சிலே அதற்கு அப்பெயர் சூட்டப்படவில்லை, அவ்வளவே.

இவ்வறிவு எத்துணை ஆழமானது என்பதை இலங்கைத் தமிழர் ஒரு கொடிய காலத்திலே கண்டனர். 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோல், டீசல், பற்றரி முதலிய பொருள்கள் செல்வது தடுக்கப்பட்டது. கிடைத்த சிறு பெற்றோலின் விலையோ சாதாரண மனிதனால் எட்ட முடியாததாயிற்று. அப்பொழுது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடலாயின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலைச் சிறு குப்பியினாற் பீச்சி இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். வயலிலும் தோட்டத்திலும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுவதைக் குடாநாட்டு மக்கள் முன்பே அறிந்திருந்தனர். அந்த அறிவைக் காருக்கு மாற்றியதே அவர்கள் செய்த புதுமை. மின்சாரம் இல்லாத அவ்விரவுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட குடும்பங்கள் பல என்பதையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அது எவ்வாறு இயன்றது என்பதைச் சற்று நோக்குதல் தகும். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே குளிர்ந்த இயந்திரத்தில் அது தீப்பற்றாது. சூடேறிய இயந்திரத்தில் ஆவியாகும். ஆயினும் அமுக்கம் மிகுந்தால் உரிய கணத்திற்கு முன்னரே வெடித்து நொக் அடிக்கும். பழைய கார்களின் இயந்திரங்கள் குறைந்த அமுக்கம் உடையவை. ஆதலால் அவை ஒருவாறு பொறுத்துக்கொண்டன. பிளக்கிலே கரி படியும், எண்ணெய் நீர்த்துப்போகும், அடிக்கடி கழற்றித் துடைக்கவேண்டும். உதிரிப் பாகம் கிடையாத நாளில், எந்தப் பாகம் உண்மையிலே பழுது, எது வெறும் அழுக்கு என்று பிரித்தறிதல் பொன்னினும் மேலான திறமையாக இருந்தது. பிழையாக ஊகித்து ஒரு பாகத்தைத் தூக்கி எறிந்தால், மறுபாகம் வாங்க வழியில்லை. நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற கார்கள் பல, இவ்வாறு துடைத்துத் துடைத்து ஓட்டப்பட்டவையே.

குடாநாட்டில் காபரேற்றரைத் துடைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், உலகின் மறுபுறத்தில் காபரேற்றரே வழக்கொழிந்துகொண்டிருந்தது. அதன் காரணத்தை அறிய, கலிபோர்னியா மாநிலத்து லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் செல்லவேண்டும். 1940 களிலிருந்து அந்நகரை ஒருவகைப் புகைமூட்டம் சூழ்ந்து, கண்களை எரித்து, மூச்சைத் திணறச் செய்தது. ஒல்லாந்தில் பிறந்த இரசாயன அறிஞர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்பவர், அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர், தம் கருவிகளை நகரக் காற்றின்பால் திருப்பினார். கார்களின் புகையில் எரியாது வெளிவரும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் வினைப்பட்டு ஓசோன் முதலிய நச்சுப் பொருள்களாக மாறுகின்றன என்பதை 1950 களின் தொடக்கத்தில் அவர் விளக்கினார். 1967 ஆம் ஆண்டு கலிபோர்னியா வான்வள வாரியம் நிறுவப்பட்டபோது, அதன் முதல் தலைவராக அமர்ந்தவரும் அவரே. 1970 ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம், கார்களின் நச்சுப்புகையை மிகப் பெருமளவு குறைக்குமாறு அமெரிக்க உற்பத்தியாளரைப் பணித்தது.

அச்சட்டத்தை நிறைவேற்றப் புகைபோக்கியின் வழியிலே வினையூக்கிப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டது. பிளாற்றினம் போன்ற அரிய உலோகங்கள் பூசப்பட்ட இப்பெட்டி, நச்சு வாயுக்களைப் பெரும்பாலும் தீங்கற்றனவாக மாற்றவல்லது. அது செவ்வனே இயங்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதம் இடையறாது காக்கப்படவேண்டும். வெப்பமும் பாரமும் வேகமும் மாறிக்கொண்டே இருக்கும் இயந்திரத்தில், இந்நுண்ணிய அளவைக் காபரேற்றரால் காத்தல் அரிது. ஆகவே புகைபோக்கியிலே எஞ்சியுள்ள ஒட்சிசனை அளக்கும் உணரி ஒன்று வந்தது. 1976 ஆம் ஆண்டு வொல்வோ நிறுவனம் அதனைத் தன் காரிற் பொருத்தியது. உணரி சொல்வதைக் கேட்டு எரிபொருளைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு கணினி வந்தது. காரினுள்ளே கணினி குடியேறியது, மெக்கானிக்கிற்கு உதவுவதற்காக அன்று. நகர மக்களின் மூச்சுக்காற்றைக் காப்பதற்காகவே என்பது இங்கு மனங்கொள்ளத் தக்கது.

உணரிகள் பெருகவே, அவற்றுள் எது பழுதென்று அறியும் சிக்கலும் பெருகிற்று. கணினி தான் கண்ட குறையைத் தானே சொல்லுமாறு செய்தனர். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1981 ஆம் ஆண்டு தன் கார்களிற் பெரும்பாலானவற்றில் இத்தகைய கணினியை வைத்தது. சாரதியின் முன்னுள்ள விளக்கு எரிந்தால், காரின் கீழ்ப்பலகைக்கு அடியிலுள்ள செருகியின் இரண்டு முனைகளை ஒரு கம்பித் துண்டினால் இணைக்கவேண்டும். உடனே விளக்கு மின்னத் தொடங்கும். ஒருமுறை மின்னி, சிறிது நின்று, இருமுறை மின்னினால் 12 என்று பொருள். நான்கும் நான்குமாக மின்னினால் 44; கலவையில் எரிபொருள் குறைவென்பது அதன் பொருள். கலங்கரை விளக்கின் மின்னலை எண்ணி இன்ன துறைமுகம் என்று மாலுமி அறிவதுபோல, விளக்கின் மின்னலை எண்ணி நோயை அறியும் காலம் அது. ஆயின் ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஒவ்வொரு செருகி, ஒவ்வொரு மொழி. ஒரு காரின் மொழியை அறிந்தவர் அடுத்த காரின் முன்னே ஊமையானார்.

கலிபோர்னியா வாரியம் 1988 ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து இத்தகைய தற்சோதனையைக் கட்டாயமாக்கியது. பின்னர் 1996 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து, அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அனைத்திற்கும் ஓபிடி-2 என்னும் பொதுமுறை விதிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2001 முதல் புதிய பெற்றோல் கார்களுக்கு இதனை ஒத்த முறையை விதித்தது. பதினாறு முனைகள் கொண்ட ஒரே வடிவச் செருகி, சாரதியின் கைக்கெட்டும் தூரத்தில் அமைந்தது. குறியீட்டிற்கும் ஒரு பொது இலக்கணம் பிறந்தது. முதலெழுத்து, குறை எப்பகுதியில் என்பதைக் காட்டும். இயந்திரமும் கியர்ப்பெட்டியும் சார்ந்தவை பி என்னும் எழுத்தில் தொடங்கும். அடுத்து வருவது சுழியமாயின் அது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. ஒன்றாயின் அந்நிறுவனத்திற்கே உரியது. மூன்றாம் இடத்தில் ஒன்றோ இரண்டோ வந்தால் எரிபொருளும் காற்றும் பற்றியது. மூன்று வந்தால் தீமூட்டல் பற்றியது. எடுத்துக்காட்டாக, பி 0301 என்றால் முதலாம் சிலிண்டரில் எரிதல் தவறுகின்றது, அதாவது மெக்கானிக்குகள் மொழியில் மிஸ் அடிக்கின்றது. பி 0171 என்றால் கலவையில் காற்று மிகுதி, எரிபொருள் குறைவு. பி 0420 என்றால் வினையூக்கிப் பெட்டியின் திறன் குன்றியது.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். நீதிமன்றத்திற்குப் போகும் வழக்கில், முறைப்பாடு வேறு, தீர்ப்பு வேறு என்பதை யாவரும் அறிவர். அடுத்த வீட்டுக்காரர் ஆட்டைத் திருடினார் என்று ஒருவர் முறைப்பாடு செய்த மாத்திரத்தில் அவரைச் சிறையில் இடுவதில்லை. விசாரணை உண்டு, சாட்சி உண்டு. குறியீடு என்பது இயந்திரத்தின் முறைப்பாடு மட்டுமே. அதனைத் தீர்ப்பாகக் கொள்பவர் பணத்தை இழப்பர். பி 0171 என்ற குறியீட்டைக் கணினி எவ்வாறு எழுதுகின்றது? புகையில் ஒட்சிசன் மிகுதியாக உள்ளதென ஒட்சிசன் உணரி சொல்ல, கணினி எரிபொருளைக் கூட்டிக்கொண்டே போய், தன் எல்லையை எட்டியும் நிலை சீர்ப்படாதபோது எழுதுகின்றது. முறைப்பாட்டைக் கொண்டுவந்தது ஒட்சிசன் உணரி. அதனால் உணரியே பழுதென எண்ணி அதனை மாற்றுவோர் உளர். புதிய உணரியைப் பொருத்திக் குறியீட்டை அழித்துவிட்டால் விளக்கு அணையும். வண்டி சில நாள் ஓடியபின் மறுபடியும் எரியும். உண்மைக் காரணம், கணக்கில் வராத காற்றை உள்ளே விடும் வெடித்த இறப்பர்க் குழாயாக இருக்கலாம். காற்றை அளக்கும் உணரியில் தூசி படிந்திருக்கலாம். எரிபொருள் வடிகட்டி அடைத்திருக்கலாம், பம்பி தளர்ந்திருக்கலாம், புகைபோக்கியில் வெடிப்பு இருக்கலாம். உண்மை சொன்ன சாட்சியைத் தண்டித்துவிட்டுக் குற்றவாளியைத் தப்பவிடுவது போன்றதே உணரியை மாற்றும் செயல்.

தேர்ந்த மெக்கானிக் செய்வது வேறு. குறியீட்டைப் படித்தவுடன் அழிக்கமாட்டார். குறை தோன்றிய கணத்தில் இயந்திரத்தின் வேகம், வெப்பம், பாரம் என்பவற்றைக் கணினி உறையவைத்து வைத்திருக்கும். அதனை முதலிற் குறித்துக்கொள்வார். குளிர்ந்த இயந்திரத்திலா, சூடேறிய இயந்திரத்திலா, ஏற்றத்திலா, நின்ற நிலையிலா குறை தோன்றியது என்பது அதனால் விளங்கும். பி 0301 வந்தால், முதலாம் சிலிண்டரின் கொயிலைக் கழற்றி இரண்டாம் சிலிண்டரில் மாட்டுவார். குறியீடு பி 0302 ஆக மாறினால் கொயில் பழுது. மாறாவிட்டால் பிளக்கை மாற்றிப் பார்ப்பார், அதன்பின் எரிபொருள் பீச்சி, அதன்பின் அமுக்கம். பழைய ஒஸ்ரின் காரின் பிளக்கை இடம்மாற்றிப் பார்த்த முறையும் இதுவேயன்றோ? கருவி மாறியது, காண்பதற்குரிய நான்கும் மாறவில்லை. காதுக்கு எட்டாத நுண்ணிய குறையைக் கணினி எட்டச் செய்தது உண்மை. அதனைக் கொண்டு ஆராய்வது இன்னும் மனிதனின் பொறுப்பாகவே உள்ளது.

விளக்கை அணைப்பதையே பழுது நீக்கம் என்று கருதும் மயக்கம் ஒன்றும் உண்டு. குறியீட்டை அழித்தால், கணினி தன் சோதனைகளை எல்லாம் புதிதாகத் தொடங்கவேண்டியிருக்கும். அச்சோதனைகள் முடியவில்லை என்பதையும் அது ஒளிக்காமல் கூறும். ஆகவே, கணினியைப் பார்த்துச் சான்றிதழ் வழங்கும் நாடுகளில், சோதனைக்குச் சற்று முன்னர் குறியீட்டை அழித்துத் தப்புதல் எளிதன்று. இலங்கையிலோ 2008 ஆம் ஆண்டு தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனை, புகைபோக்கியில் வரும் வாயுவையும் புகையின் அடர்த்தியையும் நேரே அளப்பது. கணினியின் சொல்லை மட்டும் நம்புவதிலுள்ள அபாயத்தை 2015 ஆம் ஆண்டு உலகம் கண்டது. பரிசோதனை நடைபெறுவதை உணர்ந்து, அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் கணினிக் கட்டளைகளைத் தன் டீசல் கார்களில் வொக்ஸ்வேகன் நிறுவனம் வைத்திருந்தது அவ்வாண்டு வெளிப்பட்டது. மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், ஆய்வுகூடத்தை விட்டு வெளியேறி, ஓடும் காரிலே புகையை அளந்ததனாலேயே அதற்கு வழி திறந்தது. கருவி சொன்னதைக் கேட்டு அமையாமல், தாமே சென்று பார்த்தவர்கள் கண்ட உண்மை அது.

மற்றொரு கேள்வியும் இவ்வரலாற்றோடு பிணைந்துள்ளது. இயந்திரத்தின் மொழியை அறியும் உரிமை யாருக்கு உரியது? நிறுவனத்தின் சொந்தத் தொழிற்கூடத்திற்கு மட்டுமா, வீதியோரத்துச் சிறு கராச்சிற்கும் உண்டா? 1990 ஆம் ஆண்டு அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது, புகைக்கட்டுப்பாடு தொடர்பான பழுதுபார்க்கும் விவரங்கள் சுயாதீனத் தொழிலாளர்க்கும் கிடைக்கவேண்டுமென விதித்தனர். 2012 ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் மாநில மக்கள் வாக்கெடுப்பின் வழியே பழுதுபார்க்கும் உரிமையை நிலைநாட்டினர். இலங்கையில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. இங்கு ஓடும் கார்களுள் பெருந்தொகையானவை ஜப்பானிலே முன்னர் பயன்பட்டு இறக்குமதியானவை. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே நீங்கியது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள், உள்ள வண்டியைப் பேணுவதையன்றி வேறு வழி இருக்கவில்லை. அக்காலத்தில் ஒரு பாகத்தைப் பிழையாக ஊகித்து மாற்றுவது எளிய இழப்பன்று. கைபேசியுடன் இணையும் சிறு கருவி இன்று பலருக்கும் கிடைக்கின்றது. குறியீட்டைப் படித்தல் எளிதாயிற்று. அதன் பொருளை அறிதலே அரிதாக நிற்கின்றது.

மீண்டும் சல்லிக் கரைக்குத் திரும்புவோம். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையோரத்து ஊர்களை மோதியபோது, உயிர்களோடு படகுகளும் இயந்திரங்களும் அள்ளுண்டன. உப்புநீர் புகுந்த இயந்திரத்தைக் காக்கும் காலம் மிகக் குறுகியது. உடனே நன்னீரால் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, நீரை வெளியேற்றி, எண்ணெய் ஊற்றிச் சுழற்றாவிடின், அரிப்பு உள்ளே குடிகொள்ளும். மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரமும், குடாநாட்டின் பழைய கார்களைப் போலவே, பெற்றோலில் தொடங்கிப் பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாறுவது. 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22 ஆம் நாள் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, இலங்கையின் மீனவர் பலர் கடலுக்குச் செல்லவும் இயலாது தவித்தனர். அத்தகைய நாளில், எரிபொருளை வீணாக்கும் ஒரு சிறு குறையைக் காலத்தே கண்டறிவது, அடுப்பெரிவதா இல்லையா என்ற கேள்வியாகிவிடுகின்றது.

இவ்வெளிய படகு இயந்திரத்தில் மஞ்சள் விளக்கு இல்லை, குறியீடும் இல்லை. ஆயினும் அதற்கும் ஒரு மொழி உண்டு. இயந்திரம் ஓடும்போது, அதன் புறத்தே உள்ள சிறு துளையினின்று மெல்லிய நீர்த்தாரை ஒன்று பாய்ந்துகொண்டிருக்கும். உள்ளே குளிர்நீர் சுற்றுகின்றது என்பதற்கு அதுவே அடையாளம். தாரை மெலிந்தாலோ நின்றாலோ, நீர்ப்பம்பியின் இறப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கலாம். மணலோ பாசியோ வழியை அடைத்திருக்கலாம். உணர்ந்தவர் உடனே இயந்திரத்தை நிறுத்துவர். உணராதவரின் இயந்திரம் சூடேறி இறுகிவிடும். மெல்லிய நீர்த்தாரையும் மஞ்சள் விளக்கும் செய்வது ஒரே பணி. இரண்டும் மனிதனை நோக்கி முறையிடுகின்றன. அம்முறைப்பாட்டைக் கேட்டு, விசாரித்து, உண்மையைக் கண்டு தீர்ப்பு வழங்கும் பொறுப்பு மனிதனுடையது. தந்தையின் பக்கத்தே அமர்ந்து நீர்த்தாரையைப் பார்க்கக் கற்ற சிறுவன், நாளை கராச்சிலே குறியீட்டைப் படிக்கும் வேளையிலும், அந்தப் பழைய பாடத்தை மறவாதிருத்தல் வேண்டும்.